நாற்பத்தொரு முகங்களைத் துடைத்தவள்

இப்திஹாலுக்கு அழுக்கு ஆகாது. வீட்டில் இல்லை, வீட்டில் அவள் மகன் ஹைதர் கழற்றிப் போட்ட காலுறை மூன்று நாள் ஒரே இடத்தில் கிடக்கும், அவளும் தாண்டித் தாண்டிப் போவாள். பிலிமில்தான் ஆகாது. பிலிமில் ஒரு விரல் ரேகை கண்ணில் பட்டால் போதும், கையிலிருக்கும் தேநீரைக் கீழே வைத்துவிட்டுப் பஞ்சைத் தேடுவாள்.

இருபத்திரண்டு வருடம் ஒரு மருத்துவமனையின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்தவள். அங்கே சேர்ந்த புதிதில் யாரோ பிலிமைக் கட்டைவிரலால் பிடித்துவிட்டார்கள். அந்த ரேகை ஒரு ரொட்டிக்காரனின் நுரையீரல் மேல் விழுந்தது. அதைக் காசநோய் என்று சொல்லி, அவனுக்கு ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். அவன் கடை போயிற்று. நிச்சயம் பண்ணியிருந்த பெண்ணும் போனாள். கடைசியில் நோயே இல்லை என்று தெரிந்தது. அன்றைக்கு இப்திஹால் மனதில் ஒரு கணக்கு விழுந்துவிட்டது. பிலிமில் அழுக்கு இருந்தால் மனிதனுக்கு நோய். அதை யாராலும் அவளிடமிருந்து பிடுங்க முடியவில்லை.

மருத்துவமனையில் எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியதும் அவளுக்கு வேலை போயிற்று. கணவன் இரண்டாயிரத்தாறில் காலையில் வேலைக்குப் போனவன், திரும்பவில்லை. ஹைதரைப் பொறியியல் கல்லூரியில் சேர்த்தாயிற்று, நிறுத்த முடியாது. அப்போதுதான் பாக்தாத்தின் கர்ராதாப் பகுதியில் ஒரு மாடி வீட்டில் பழைய போட்டோக்களுக்குக் காப்பகம் வைத்திருக்கிறார்கள், பிலிம் தெரிந்த ஆள் வேண்டுமாம் என்று கேள்விப்பட்டுப் போனாள். அதை நடத்தியவர் டாக்டர் முக்தாத். மருந்து எழுதித் தரும் டாக்டர் இல்லை; ஐம்பதுகளின் பாக்தாத் ஓவியர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். போர் வந்த வருடம் ஓவியங்கள் சூறை போய்விட்டன. மிஞ்சியது அந்த ஓவியங்களையும் ஓவியர்களையும் எடுத்த போட்டோக்கள்தான். அவற்றைத் தேடிச் சேர்த்து, எண் போட்டு, இன்னார் எடுத்தது, இன்னார் இருப்பது என்று எழுதி வைப்பதுதான் அங்கே வேலை. வெளிநாட்டிலிருந்து உதவிப் பணம் வரும். வேலை வருட ஒப்பந்தம்.

சேர்ந்த வாரம் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். எதைச் செய்வதற்கு முன்பும் நெகட்டிவை வந்தபடியே ஸ்கேன் செய்துவிட வேண்டும் என்று பயிற்சிக்கு வந்த பெண் நான்கு முறை சொன்னாள். இப்திஹாலும் தலையாட்டினாள். ஆனால் அது பிலிம் தெரியாதவர்களுக்குச் சொன்னது என்று எடுத்துக்கொண்டாள். அழுக்குப் பிலிமை ஸ்கேன் செய்வதும் அழுக்குப் பாத்திரத்தில் சோறு போடுவதும் அவளுக்கு ஒன்றுதான். முதலில் துடைப்பாள், பிறகு ஸ்கேன். துடைப்பதற்கு முன் ஒரு பச்சை அட்டை நோட்டில் எழுதுவாள். மருத்துவமனைப் பழக்கம் அது. எண், உருவம், எந்த இடத்தில் என்ன, எத்தனை மில்லிமீட்டர், என்ன செய்தது. அந்த நோட்டை டாக்டர் ஒரு நாளும் பிரித்துப் பார்த்ததில்லை. மாதக் கடைசியில் எத்தனை முடிந்தது என்று மட்டும் கேட்பார்.

ரஷீத் தெருவில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த ஸ்டூடியோ தோமாவின் பெட்டிகள் அப்படித்தான் வந்து சேர்ந்தன. தோமா செத்து முப்பது வருடம் ஆகிறது. நாட்டின் மேல் பொருளாதாரத் தடை இருந்த வருடங்களில் நெகட்டிவைக் கரைத்து வெள்ளி எடுக்கிறவர்களிடம் முக்கால்வாசி போய்விட்டது. பதினோரு பெட்டி மட்டும் ஓர் உறவுக்காரர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் தப்பியிருந்தது. தோமாவின் மகன் ஸலீம் அமெரிக்காவில், டெட்ராய்டில் இருக்கிறான். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், அப்பா பேரில் புத்தகம் மட்டும் வந்தால் போதும் என்று போனிலேயே கொடுத்துவிட்டான்.

ஏழாவது பெட்டியில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு கண்காட்சி என்று எழுதியிருந்தது. உள்ளே நாற்பத்திரண்டு நெகட்டிவ். ஓவியர்கள், சிற்பிகள், அவர்களோடு அந்தக் கண்காட்சிக்கு வந்து போனவர்கள், ஒவ்வொருவரும் ஸ்டூடியோ நாற்காலியில் உட்கார்ந்து எடுத்துக்கொண்ட படம். டாக்டருக்குக் கை கால் நிலைகொள்ளவில்லை. இத்தனை பேர் முகத்தை ஒரே பெட்டியில் யாரும் பார்த்ததில்லை.

இப்திஹால் பார்த்தது வேறு. ஏறக்குறைய ஒவ்வொரு முகத்திலும், பெரும்பாலும் கன்னத்தில், சிலதில் நெற்றியில், கண்ணுக்குக் கீழே, மூன்றில் மூக்கின் மேல், ஈயம் தேய்த்தது போல ஒரு படிவு. உறையில் உரசி ஒட்டிய அழுக்கு என்று முடிவு கட்டினாள். நோட்டில் எழுதினாள், பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டாள், துடைத்தாள். துடைத்த இடத்தில் அக்கா தெரிந்தாள்.

மணல் ஈ கடித்து வரும் அந்தக் கொப்புளத்தைப் பாக்தாத்தில் அக்கா என்றுதான் சொல்வார்கள். வந்தால் ஒரு வருடம் தங்காமல் போகமாட்டாள், போகும்போது குழி விழுந்த தழும்பைக் கொடுத்துவிட்டுத்தான் போவாள். அந்தக் காலத்தில் ஊரில் பாதிப் பேர் முகத்தில் அவள் இருந்தாள். இப்திஹாலுக்கே முழங்கையில் ஒன்று உண்டு. ஒவ்வொரு கன்னத்திலும் தழும்பு பளிச்சென்று தெரியவந்ததும், அப்பாடா, இப்போதுதான் படம் சுத்தமாயிற்று என்று அவளுக்கு மனசு நிறைந்தது. நான்கு நாளில் நாற்பத்தொன்றைத் துடைத்து முடித்தாள். ஒன்றில் மட்டும் துடைக்க வேலை இருக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, ஒரு கிழவி ஒரு கையில் கைத்தடியும் மறு கையில் துணிப் பையுமாக மாடி ஏறி வந்தாள். பெயர் ஷமூனி. எண்பது வயது. கறுப்பு உடை, கழுத்தில் சின்ன சிலுவை, இடது கன்னத்தில் நல்ல பெரிய அக்கா. மூச்சு வாங்கி முடிக்கவே இரண்டு நிமிடம் ஆயிற்று. முடித்ததும் டாக்டரைப் பார்த்து ஒரே போடாகப் போட்டாள்.

"தோமா படத்தையெல்லாம் புத்தகமா போடறீங்களாம், கோயில்ல சொன்னாங்க. நான் தோமாவோட கொழுந்தியா. அந்த முகமெல்லாம் நான் போட்டது. என் பேரும் வரணும்."

டாக்டர் எழுந்து நாற்காலி போட்டார். "உக்காருங்க பெரியம்மா. போட்டதுன்னா?"

"தோமா அத்தான் படம் எடுப்பாரு. திரைக்குப் பின்னாடி நான் உக்காந்து நெகட்டிவ்ல பென்சில் போடுவேன். கன்னத்துக் குழி, கண்ணுக்குக் கீழ கறுப்பு, எல்லாத்தையும் நான்தான் மூடுவேன். பதினெட்டு வருசம். ஊரே அழகா இருந்துச்சுன்னா என்னாலதான்."

"அவர் மகன் ஸலீம் அப்படிச் சொல்லலியே. அப்பா எல்லாத்தையும் தானே செஞ்சாரு, சித்தி கடைக்கு வந்து டீ போட்டுக் குடுப்பாங்கன்னாரு."

"டீயா? அந்தப் பயலுக்கு மூக்கைச் சிந்தவே நான்தான் கத்துக் குடுத்தேன்!"

இப்திஹால் மேசையிலிருந்து தலை தூக்காமல் சிரித்தாள். கிழவியை அவளுக்குப் பிடித்துவிட்டது. டாக்டரும் சிரித்தார். ஆனால் பேச்சு பேச்சாகவே இருக்க முடியாதல்லவா.

"நான் நம்பாம இல்ல பெரியம்மா. அச்சுல ஏத்தணும்னா ஆதாரம் வேணும். கடையில சம்பளச் சீட்டு, கடுதாசி, எதாவது?"

"அக்கா புருசன் சம்பளச் சீட்டா குடுப்பாரு? ஆதாரம் படத்துலயே இருக்கு, கண்ணு. மருந்து பூசின பக்கத்தை வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடி. என் பென்சில் மினுமினுன்னு தெரியும். கண்காட்சிக்காரங்க படம் இருக்குதுல்ல? அதை எடு. ஒண்ணு விடாம நான் போட்டது."

டாக்டர் திரும்பி, "ஹைதர் அம்மா, ஏழாம் பெட்டியைக் கொண்டாங்க" என்றார்.

இப்திஹால் எழுந்தாள். பெட்டியை எடுக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓரமாக நின்றாள்.

ஷமூனி கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு முதல் நெகட்டிவை ஓரத்தில் பிடித்து ஜன்னல் பக்கம் சாய்த்தாள். பிடித்த விதத்திலேயே தெரிந்தது, தொழில் தெரிந்த விரல்கள். சாய்த்தாள், திருப்பினாள், மறுபடி சாய்த்தாள். கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். மூன்றாவதைப் பார்க்கும்போது குரல் இறங்கிவிட்டது.

"இது அந்தத் தாடிக்கார சிற்பி. இவருக்கு நான் போட்டேனே. பென்சில் எங்க போச்சு?"

நெகட்டிவோடு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"போடலியா நான்?"

"அறுபது வருசம் ஆச்சு, பெரியம்மா" என்றார் டாக்டர். கனிவாகத்தான் சொன்னார், அதுதான் கொடுமை. "வேற படங்களா இருக்கலாம். ஞாபகம் மாறிப் போகும்."

"ஆமா" என்றாள் ஷமூனி. "கொஞ்ச நாளா எல்லாம் மறந்து போகுது. அடுப்பை அணைச்சேனான்னு ரெண்டு தடவை எந்திரிச்சுப் போய்ப் பாக்கறேன்." கைத்தடியை எடுத்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். வந்தபோது இருந்த மிடுக்கு அவளிடம் இல்லை. கொண்டுவந்த துணிப்பையை மேசை மேலேயே மறந்து போய்விட்டாள். அதில் அவள் சுட்டுக் கொண்டுவந்த பேரீச்சம்பழம் அடைத்த க்ளைச்சா பிஸ்கட் இருந்தது, எப்படியும் இருபது இருக்கும்.

நான்தான் துடைத்தேன் என்று சொல்ல இப்திஹாலுக்கு அரை நிமிடம் போதும். சொல்லவில்லை. கிழவி படி இறங்கும் சத்தம் நின்ற பிறகும் அவள் அப்படியே நின்றாள்.

அன்று மாலை டாக்டர் போனதும் பச்சை நோட்டைப் பிரித்தாள். ஏழாம் பெட்டி, ஆறு பக்கம். அழுக்கு, துடைத்தாயிற்று. அழுக்கு, துடைத்தாயிற்று. அவளுடைய குண்டுக் குண்டு எழுத்தில் நாற்பத்தொரு முறை. அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம். ஹைதருக்கு இன்னும் ஒரு வருடம் படிப்பு பாக்கி. போன வாரம்தான் உதவிப் பணம் கொடுக்கும் ஆட்களிடம், இவங்க கை பட்டா பிலிமுக்குக் கவலையில்லை என்று டாக்டர் அவளைக் காட்டிப் பெருமைப்பட்டிருந்தார். அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. கிழவிக்கு எண்பது வயது. இன்னும் எத்தனை நாள். மறைப்பானேன், இப்படியும் நினைத்தாள்தான். ஆறு பக்கத்தைக் கிழித்து வேறு எழுதிவிட்டால் என்ன என்றும் நினைத்தாள்.

கிழிக்காமல் விட்டதற்குக் காரணம் பெரிய நேர்மை ஒன்றுமில்லை. அந்த ரொட்டிக்காரன் ஞாபகம் வந்துவிட்டான். அவனுக்கும் இல்லாத நோய். கிழவிக்கும் இல்லாத மறதி. அன்றைக்கு யாரோ விரலை வைத்தார்கள், இன்றைக்கு இவள் ஒருத்தியின் விரல் தடத்தைத் துடைத்தாள், வித்தியாசம் அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடம் கட்டிக் காத்த சுத்தம் இப்படி ஒரு ஆளை மண்ணாக்கும் என்று யார் கண்டார்கள்.

வெள்ளிக்கிழமை முழுக்க ஹைதரிடம் எரிந்து விழுந்தாள். சனிக்கிழமை காலை க்ளைச்சாப் பையை எடுத்துக்கொண்டு கியா மினிபஸ் வண்டியில் ஏறி, கோயிலில் விலாசம் விசாரித்து, பத்தாவீன் பக்கம் ஷமூனியின் அறையைக் கண்டுபிடித்துவிட்டாள். ஒரே அறை, ஒரு கட்டில், சுவரில் மாதா படம்.

ஷமூனி கதவைத் திறந்ததும் பையைப் பார்த்தாள். "பாத்தியா, இதையும் மறந்துட்டேன்."

"பெரியம்மா, நீங்க எதையும் மறக்கல" என்றாள் இப்திஹால். உட்காரக்கூட இல்லை. "அந்தப் படத்துல உங்க பென்சில் இருந்துச்சு. நான் அழுக்குன்னு நெனச்சுத் துடைச்சுட்டேன். நாப்பத்தொண்ணையும். நீங்க பாக்கும்போது அங்கதான் நின்னேன். சொல்ல வாய் வரல."

ஷமூனி கைத்தடியால் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"ரெண்டு நாளா தூங்கலடி நான்! பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு நெனச்சேன். நேத்து பாதிரியார்கிட்டப் போயி, சாமி, நான் செய்யாத வேலையைச் செஞ்சேன்னு பொய் சொல்லிட்டேன், மன்னிக்கணும்னு பாவமன்னிப்பு கேட்டேன். செஞ்ச வேலைக்குப் பாவமன்னிப்பு! அவரும் மன்னிச்சுட்டாரு!"

"மன்னிச்சிருங்க பெரியம்மா."

"நாப்பத்தொண்ணா? நாப்பத்தொண்ணையுமா? ஒண்ணு கூடவா உனக்கு உறைக்கல? அழுக்கு என்ன, தேடித் தேடி அக்கா மேலயே போய் உக்காருமா?"

கிழவி திட்டினாள், நன்றாகவே திட்டினாள். எக்ஸ்ரேக்காரி என்று தெரிந்ததும், அதான், உயிரோட இருக்கறவன்கிட்ட எலும்பைத் தேடற கூட்டம் என்றாள். திட்டி ஓய்ந்ததும் தேநீர் போட்டாள். தானே கொண்டுபோய்த் தானே மறந்த க்ளைச்சாவை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"துடைக்கறதுக்கு முன்னாடி எழுதி வெச்சேன்" என்றாள் இப்திஹால், இரண்டாவது க்ளைச்சாவில். "எந்த இடத்துல, எவ்வளவு பெருசுன்னு, எல்லாம் நோட்ல இருக்கு."

ஷமூனி தேநீரைக் கீழே வைத்தாள். "அதைக் கொண்டாந்திருக்கியா?"

"இல்ல. கொண்டாந்தா நான் உங்களுக்குச் சொல்லிக் குடுத்ததா ஆயிரும். நாளைக்கு நீங்க அங்க வாங்க. நோட்டை மூடி டாக்டர் கையில குடுத்துடறேன். எந்த முகத்துல எங்க போட்டீங்கன்னு நீங்க சொல்லுங்க."

"உன் வேலை போயிரும்டி."

"போனா போகட்டும்" என்றாள் இப்திஹால். தைரியமாகத்தான் சொன்னாள், ஆனால் வண்டியில் திரும்பும்போது ஹைதரின் கல்லூரிக் கட்டணத்தைக் கணக்குப் போட்டபடியே வந்தாள்.

ஞாயிறு காலை டாக்டரிடம் முழுதையும் சொன்னாள். டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஹைதர் அம்மா, என்ன காரியம் பண்ணிட்டீங்க! ஸ்கேன் பண்ணாம தொடக்கூடாதுன்னு எத்தனை தடவை... இதை நான் வெளிய எப்படிச் சொல்லுவேன்?"

வாசலிலிருந்து குரல் வந்தது. "திட்டறதை அப்புறம் திட்டு, தம்பி. நான் நேத்தே திட்டிட்டேன். முதல்ல நோட்டை எடு." ஷமூனி மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள்.

பழைய உறைகளை மட்டும் வெளியே எடுத்துக்கொண்டு, நெகட்டிவ் பெட்டியைப் பூட்டி வைத்தார்கள். நோட்டை டாக்டர் தன் பக்கம் விரித்துக்கொண்டார். உறையைப் பார்த்து எண்ணையும் ஆள் யார் என்பதையும் மட்டும் அவர் படிக்க, முகத்தில் எங்கே பென்சில் போட்டாள் என்று ஷமூனி சொல்ல வேண்டும். இப்திஹால் சுவரோரம் கைகட்டி நின்றாள்.

"மூணாம் எண். சிற்பி."

"தாடிக்காரர். வலது கண்ணுக்குக் கீழ. பேரீச்சங்கொட்டை மாதிரி நீளமா."

டாக்டர் நோட்டில் விரலை ஓட்டினார். "வலது கண்ணின் கீழ், நீளவாட்டில், ஏழு மில்லிமீட்டர்" என்று முணுமுணுத்தார். அடுத்ததைப் படித்தார்.

"ஓவியர். உயரமானவர்."

"ஐயோ, இவரா! மூக்கு நுனியில. இவரு கண்காட்சிக்குப் போய்ப் பாத்தேன். படத்துல பொம்பளைக்கு மூணு கண்ணு, கழுத்து கொக்கு மாதிரி. மனுசன் முகத்தைக் கட்டம் கட்டமா வெட்டி வெச்சிருந்தாரு. ஆனா தன் போட்டோவுல மட்டும் மூக்குல ஒரு புள்ளி இருக்கக்கூடாதாம். மூணு தடவை திருப்பி அனுப்பினாரு!"

டாக்டர் தன்னை மறந்து சிரித்துவிட்டார். அந்த ஓவியரைப் பற்றி எழுதித்தான் அவர் பட்டம் வாங்கியிருந்தார். நோட்டில் மூக்கு நுனி என்றுதான் இருந்தது.

ஒன்றரை மணி நேரம் ஓடியது. நடுவில் மின்சாரம் போய், தெரு ஜெனரேட்டர் ஓடி, மறுபடி வந்தது. நான்கில் ஷமூனி தவறினாள்; வலது இடது மாறியது இரண்டு, சுத்தமாக ஞாபகம் இல்லை என்றது இரண்டு. முப்பத்தேழு பொருந்தியது. இருந்தாலும் டாக்டர் ஆராய்ச்சிக்காரர், லேசில் விடமாட்டார்.

"பெரியம்மா, கோவிச்சுக்காதீங்க. இவங்களை நேர்ல பாத்த யாருக்கும் தழும்பு எங்க இருக்குன்னு தெரியுமே. ஸலீம் அதைத்தான் கேப்பாரு."

"இருபத்தாறாவதா ஒருத்தியைச் சொன்னியே, டீச்சர். அவளுக்கு என்ன சொன்னேன்?"

"ரெண்டு கண்ணுக்கும் கீழன்னீங்க."

"அவளுக்கு அக்காவே வந்ததில்ல. பளிங்கு மாதிரி முகம். படம் எடுக்க வந்த அன்னிக்கு எங்கயோ அழுதுட்டு வந்திருந்தா, பாவம். கண்ணு ரெண்டும் வீங்கி இருந்துச்சு. நாளைக்கு வாம்மான்னு அத்தான் சொன்னதுக்கு, நாளைக்கும் இப்படித்தான் இருக்கும்னா. நான்தான் உக்காந்து வீக்கத்தை எடுத்தேன். அந்த ஒரு நாள் அழுகை தெருவுல பாத்தவனுக்கு எப்படித் தெரியும்?"

டாக்டர் குனிந்து நோட்டைப் பார்த்தார். பிறகு சத்தமாக வாசித்தார். "எண் இருபத்தாறு. இரு கண்களின் கீழும் பிறை வடிவ அழுக்கு. துடைத்தாயிற்று."

நோட்டை மேசையில் வைத்துவிட்டு அவர் நேராக உட்கார்ந்தார். புத்தகத்தில் போடப் போகும் வரியை அங்கேயே சொல்லிப் பார்த்தார். நெகட்டிவ் திருத்தம் ஷமூனி. பென்சில் தடயம் பின்னாளில் சுத்தம் செய்யும்போது நீங்கிவிட்டது. ஆதாரம் காப்பகத்தின் குறிப்பேடு.

"நீங்கிவிட்டது இல்ல சார்" என்றாள் இப்திஹால். "தானா நீங்குமா? நான் துடைச்சேன். என் பேரைப் போடுங்க. துடைச்ச ஆள் பேர் இல்லாட்டி, அந்த நோட்டை யார் எழுதினதுன்னு கேப்பாங்க. அவங்க ஆதாரமும் சேந்து போயிரும்."

"பணம் குடுக்கறவங்க இதைப் படிப்பாங்க, ஹைதர் அம்மா."

"படிக்கட்டும்."

அந்த வரி இப்போது புத்தகத்தில் அவள் சொன்னபடியே இருக்கிறது. படங்கள் தோமா; முகத் திருத்தம் ஷமூனி; துடைத்ததும் துடைக்குமுன் குறித்ததும் இப்திஹால். பணம் கொடுப்பவர்கள் ஒரு நீளக் கடிதம் எழுதினார்கள். ஒப்பந்தத்தை ஒரு வருடத்துக்குப் பதில் ஆறு மாதத்துக்குத்தான் புதுப்பித்தார்கள், அதன் பிறகு இன்னொரு ஆறு மாதம். ஸ்கேன் செய்யாமல் பஞ்சைத் தொடாதே என்று அவள் கையெழுத்திலேயே எழுதிய தாள் இன்றும் சுவரில் இருக்கிறது. ஸலீம் போனில் கத்தினான். அட்டையில் அப்பா பெயர் பெரிதாக இருக்கும் என்றதும் அடங்கினான்.

ஆனால் அன்று, அந்த ஞாயிறு, ஒரு உறை பாக்கி இருந்தது. டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பதினேழாம் எண். உறைல பேர் இல்ல. இதை ஹைதர் அம்மா துடைக்கவும் இல்ல. இது யாரு?"

பெட்டியைத் திறந்து நெகட்டிவை எடுத்துக் கம்ப்யூட்டர் திரையில் காட்டினார்கள். பத்தொன்பது வயசுப் பெண் ஒருத்தி ஸ்டூடியோ நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சட்டைக் கையில் பென்சில் ஈயக் கறை. இடது கன்னத்தில் நல்ல பெரிய அக்கா.

"நான்" என்றாள் ஷமூனி.

"ஏன் பெரியம்மா, உங்களுக்கு நீங்க போட்டுக்கல?"

"லைட் சரியா விழுதான்னு பாக்க அத்தான் என்னை உக்கார வெச்சாரு. நாலு நாள் ஊர் முகத்தையெல்லாம் மூடினேனே, இதுக்கும் ஒரு கோடு போட்டுக்கறேன்னு கேட்டேன். வெளிய போற படமா இது, உன் மூஞ்சிக்கு எதுக்குப் பென்சில் வேஸ்ட்டுன்னாரு. எனக்கு ரெண்டு அக்கா. ஒருத்தி அவரைக் கட்டிக்கிட்டா. இன்னொருத்தி கடைசி வரைக்கும் என்கூடவே இருந்துட்டா." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கல்யாணம் ஆகாதவள் என்பது அப்போதுதான் இப்திஹாலுக்கு உறைத்தது.

"நோட்ல இவ என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டாள் ஷமூனி. "என் படத்துக்கு."

டாக்டர் நோட்டை இப்திஹாலிடம் நீட்டினார். அவள் பக்கத்தைத் தேடி எடுத்தாள். மூன்று மாதத்துக்கு முன், யாரென்றே தெரியாத ஒரு முகத்தைப் பார்த்து, எக்ஸ்ரேக்காரியின் வறட்டு எழுத்தில் எழுதியது.

"எண் பதினேழு. இளம்பெண். இடது கன்னத்தில் தழும்பு, இயற்கையானது. முகத்தில் அழுக்கு ஒன்றும் இல்லை. துடைக்கத் தேவையில்லை."

ஷமூனி கண்ணாடியைக் கழற்றினாள். கையை எடுத்து மெல்லக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை வாசி, கண்ணு" என்றாள்.

இப்திஹால் வாசித்தாள்.